மூன்றாம் பகுதியில் செத்தவன்

மார்ச் 3

அன்புள்ள பென்சிலுக்கு,

உன் பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒரு பெண் எடுத்து, "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்கிறாள். பெரிய மனிதனாகிவிட்டாய், எண்ணை மாற்றிக்கொண்டாய், சரி. அக்காவுக்குச் சொல்லத் தோன்றவில்லை, அதுவும் சரி. உன் காமிக்ஸை வைத்து எடுத்த தொடரின் கடைசியில் ஓடும் எழுத்தில் உங்கள் கம்பெனி முகவரி ஒரு நொடி வந்தது. நிறுத்தி வைத்து எழுதிக்கொண்டேன். எண் தெரிந்திருந்தாலும் இந்த விஷயத்தை நான் போனில் பேசியிருக்க முடியாது. எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சாத்தியிருக்காது என்பது உனக்குத் தெரியும். ஒரு அறையில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும்.

உன் மருமகள் பத்து நாளாகத் தரையில் நடக்கவில்லை. கல்லூரி முழுக்க, "ஆணி எங்க மாமா போட்ட காமிக்ஸ்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோழிகள் நாலு பேரைக் கூட்டிவந்து முதல் மூன்று பகுதியையும் ஒரே மூச்சில் பார்ப்பது என்று ஏற்பாடு. அத்தான் போய் பிஸ்கட் வாங்கிவந்தார். காபியும் அவர்தான் போட்டார். பிள்ளைகளுக்கு இடம் விட்டுவிட்டு அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் பகுதியில் உன் பழைய வீட்டு ஓனர் செத்தார். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது, சிரித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு மனதிலிருந்து ஒரு முகம் வரைய வராது. தெரிந்தவர்கள் முகத்தைத்தான் திருடுவாய். அம்மாவைப் பேப்பர் விற்கிறவளாகப் போட்டிருந்தாய், கணக்கு வாத்தியாரை நீதிபதியாக்கியிருந்தாய். ரத்தம் ஆறாக ஓடினாலும் எனக்கு என்னவோ வீட்டு ஆல்பம் பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் பகுதி வந்தது. பெண்டாட்டியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவன். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருக்கிறது. சாவிக்கொத்து சத்தம் போடாமலிருக்க கைக்குட்டையைச் சுற்றி இடுப்பில் செருகியிருக்கிறான். முகமூடி போட்ட உன் ஆணி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக உடைத்து, கொன்று, வாசற்கதவில் ஆணி அடித்துவிட்டுப் போகிறான். எட்டு நிமிடம். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எட்டு நிமிடத்தையும் பார்த்தார்.

ஒரு தோழிப் பெண் விளையாட்டாக, "அங்கிள், இவன் உங்கள மாதிரியே இருக்கான்!" என்றாள். அவரும் "ஆமாம்ல" என்று சிரித்துவிட்டு, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். உன் மருமகள் சிரிக்கவில்லை. தோழிகள் போனதும் என்னிடம் வந்து, "அம்மா, இது அப்பாவா?" என்று கேட்டாள்.

"உளறாத" என்றேன். நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மாற்றியதும் சொல்லாதது என் தப்பு, உதை.

இங்கே நான் 'கதை ஆலோசகர்'. ஒரு நாற்காலியும் ஒரு குடையும் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் தயாரிக்க தனியாக ஒருவர் இருக்கிறார். சர்க்கரைப் பாகில் சாயம் கலக்குகிறார். அதனால் பிணமாக நடிப்பவர்கள் மேலெல்லாம் எறும்பு. செத்துக் கிடக்கிறவன் சொறிந்துகொள்ளக் கூடாதே, பாவம். முப்பத்தெட்டு வயதுவரை கடைப் பெயர்ப்பலகை எழுதியவனை இங்கே எல்லாரும் 'சார்' என்கிறார்கள். சிரிப்பாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை உன்னிடம் ஒளிக்க மாட்டேன். முகங்கள் நான் வரைந்தபடியே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவன் நான்தான். அவர்கள் அழகான நடிகர்களைப் போட்டு என் கதையைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயம். அந்தப் புருவத்துக்கு ஒப்பனைக்காரர் தினமும் ஒரு மணி நேரம் செலவழித்தார். அத்தான் நினைப்பே எனக்கு அப்போது வரவில்லை என்றால் நீ நம்ப மாட்டாய். நானும் முழுதாக நம்பவில்லை.

அந்த மூன்றாவது இதழை வரைந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. நானூறு பிரதி அச்சடித்து முந்நூறு கட்டிலுக்கடியில் கிடந்தது. ஊர் உலகம் பார்க்கும் என்று யார் கண்டது? சின்னவளிடம், எனக்கு வேறு முகம் வரைய வராது, அதனால் அப்பா முகத்தைக் கடன் வாங்கினேன் என்று சொல். அது பாதி உண்மைதானே.

ஒன்று மட்டும் கவனித்தாயா? உன் முகத்தை நான் எங்கேயும் வரையவில்லை. அந்தப் பெண் கடைசிவரை சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருப்பாள். டைரக்டர் எவ்வளவோ கேட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பென்சில்

*

மார்ச் 17

பென்சில்,

என் முகத்தை வரையவில்லை என்று பெருமை வேறு. முகத்தை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாயே.

"தரை குளுகுளுன்னு இருந்துச்சு, எழுந்திரிக்கவே மனசு வரல." அந்த நடிகை சுவரைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறாள். இது யார் சொன்ன வார்த்தை? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தா பெஞ்சில், நான் உன்னிடம் சொன்னது. உன்னிடம் மட்டும். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் வரைந்திருக்கிறாய். காமிக்ஸைப் படிக்கக் கேட்டபோது, "ரத்தம் உனக்கு ஆகாதுக்கா" என்று தள்ளிவைத்தாயே, இதற்குத்தானா?

நீ வரைந்ததில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணமான முதல் வருடம் அவர் பூட்டிவிட்டுத்தான் போவார். வயிற்றில் நாலு மாதம். காலை பத்து மணிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது, அவர் வந்து கதவைத் திறந்தபோது மாலை ஐந்தரை. குழந்தை போய்விட்டது. எல்லாம் நிஜம். ஆனால் உன் கதை ஐந்தரையோடு முடிகிறது. ஆணி வந்துவிடுகிறான். எனக்கு எவனும் வரவில்லை. ஆறு மணி ஆனது, ஏழு மணி ஆனது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து மறுபடி நான் சமைக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் பூட்டைக் கழற்றினார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. மழை சாரல் உள்ளே அடித்தாலும் துணி போட்டுத் துடைப்பாரே தவிர சாத்த மாட்டார். குளிக்கப் போனாலும் தாழ்ப்பாள் கிடையாது. சின்னவளுக்குத்தான் வயது வந்தபிறகு பெரிய தொல்லையாகிவிட்டது, அவள் அறைக்கு நானே தாழ்ப்பாள் போட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு நான் கிளம்பும்போது தினமும், "எத்தன மணிக்கு வேணா வா" என்பார். ஒரு நாளும் விட்டதில்லை. எனக்கே எரிச்சலாக வரும்.

இப்போது கேள். அவர் ஓட்டுகிற பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள் அவரை 'சாவி அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எந்தத் தாயோ அவர் போட்டோவையும் உன் நடிகன் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். கீழே யாரோ, 'இவன் பெண்டாட்டி உயிரோட இருக்காளான்னு யாராவது பாருங்க' என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஷெட்டில் பஸ் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பதினேழு வருடம் ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்பு இல்லாமல் ஓட்டியவர். வாய் திறக்காமல் போய்க் கழுவுகிறார்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு என் பெண்தான் முக்கியம். அவள் அப்பாவோடு சாப்பிட உட்காருவதில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள், என் முகத்திலேயே எழுதியிருக்கும். நீ எழுது. இது வேறு எவளோ ஒருத்தியின் கதை, உன் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவள், அப்பா முகத்தை மட்டும் சோம்பேறித்தனத்தில் போட்டுவிட்டேன் என்று எழுது. நீ சொன்னால் நம்புவாள். உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 26

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். என்னால் முடியவில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பரீட்சை முடிந்து உன்னைப் பார்க்க வந்தேன். வெளியே பூட்டு. ஜன்னல் கம்பி வழியாக நீ எனக்குத் தண்ணீர் கொடுத்தாய். டம்ளர் கம்பிக்குள் நுழையாமல், நீ உள்ளேயிருந்து சாய்க்க, நான் வாயைத் திறந்துகொண்டு வெளியே நின்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நீ சிரித்ததால் நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் போகும்போது, ஒரு கல்லை எடுத்து அந்தப் பூட்டை உடைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து அழுதேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அதையேதான் நினைத்தேன். ஆணி எப்படிப் பிறந்தான் என்று பேட்டியில் கேட்கிறார்கள். நான் ஏதேதோ கதை விடுகிறேன். உண்மையில் அவன் அந்த பஸ்ஸில் பிறந்தவன்.

உனக்காக இந்த உலகத்தில் ஒருத்தனாவது கையை ஓங்கினான் அக்கா. அது காகிதத்தில்தான், சர்க்கரைப் பாகு ரத்தம்தான். அதையும் நானே போய், இல்லை, இது உனக்காக இல்லை என்று சொல்ல வேண்டுமா? சின்னவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் அப்பா என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால் என்ன தப்பு? நாளைக்கு அவளை ஒருத்தன் பூட்டிவைத்தால்?

கோபித்துக்கொள்ளாதே. வேறு எது கேட்டாலும் செய்கிறேன். பள்ளியில் வேண்டுமானால் நான் பேசுகிறேன்.

பென்சில்

*

ஏப்ரல் 2

பென்சில்,

சின்னவளுக்கு நீ இனி எழுத வேண்டியதில்லை.

நேற்று அவள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பல நாள் கழித்து வந்திருக்கிறாளே என்று அவர் முகமெல்லாம் மலர்ந்து தட்டை எடுத்து வைத்தார். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மாவ நீங்க பூட்டி வெச்சீங்களா?" என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்து என்னவோ சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஆமாம்மா, பூட்டினேன்" என்றார்.

"அந்தக் குழந்தை?"

"அதுவும் என்னாலதான்."

வேறு ஒரு வார்த்தை கிடையாது. தெரியாமல் செய்துவிட்டேன், வயசு, பயம், சந்தேகம் என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அவள் எழுந்துபோய் பையில் துணியை அடைத்தாள். போகிறபோது என்னைப் பார்த்து, "எப்படிம்மா இவரோட இருந்த?" என்றாள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததால் நான் கோழையாகிவிட்டேன். தோழியின் அறையில் தங்கியிருக்கிறாள். என் போனை எடுக்கிறாள், அவர் போனை எடுப்பதில்லை.

ஜன்னலுக்கு வெளியே வாயைத் திறந்துகொண்டு நின்ற பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனுக்காகத்தான் அன்றைக்குச் சிரித்தேன். அவன் இப்படி ஒரு காரியம் பண்ணுவான் என்று தெரிந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்க மாட்டேன். கோபத்தில் எழுதுகிறேன். எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அத்தான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கே மறைத்து வைக்க முடியவில்லை.

கதவு திறந்திருந்தது. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்காகவேதான் போனேனோ என்னவோ. "வாடா, இளைச்சிட்டியே" என்றார். காபி போட்டார். சர்க்கரையைக் கீழே கொட்டிவிட்டு விரலால் வழித்தார். பத்து விரலும் முழுசாக இருக்கிறதே என்று என் கண் போனது. என்ன ஜென்மம் நான்.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கேட்காதவர் மாதிரி துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, ஏதோ சந்தேகம் கேட்கிற பள்ளிப்பிள்ளை மாதிரி, "அவன் செத்தப்புறம் அந்தப் பொண்ணு என்னடா ஆனா?" என்றார்.

"எந்தப் பொண்ணு அத்தான்?"

"தரைல படுத்திருந்தாளே. அவளுக்கு வேற யாரும் இருந்த மாதிரி காட்டலியே. ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனா?"

பன்னிரண்டு இதழ் வரைந்தேன், மூன்றாவது இதழுக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு கட்டம்கூட நான் போடவில்லை. அப்படி ஒருத்தி அங்கே கிடக்கிறாள் என்பதையே மறந்துவிட்டேன். "தெரியல அத்தான், நான் வரையல" என்றேன். "சரி, அடுத்ததுல வருமோ என்னவோ" என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து மடித்தார்.

தொடரின் இரண்டாவது சீசனை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அவளைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். எழுந்து நடக்கிறாள், பேசுகிறாள், முகம் தெரிகிறது. நீ அவரை மன்னித்ததும் வரும், எல்லாரும் பார்ப்பார்கள், சின்னவளும் பார்ப்பாள். நீ சம்மதித்தால் போதும். நீ கேட்ட கடிதத்தையும் அவளுக்கு எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி கதை என்றே எழுதியிருக்கிறேன். ஏதாவது மிச்சமிருந்தால் அதற்கு உதவட்டும்.

பென்சில்

*

மே 14

பென்சிலுக்கு,

நீ வந்துபோனது எனக்குத் தெரியும். சர்க்கரையை அவர் சரியாகக் கூட்டவில்லை, யார் வந்தது என்று கேட்டேன், உடனே சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் வராது. வந்திருந்தால் நாம் இப்படி ஆகியிருக்க மாட்டோம்.

நீ போன எட்டாம் நாள் அவர் போய்விட்டார். "நான் இருந்தா பொண்ணு வீட்டுக்கு வரமாட்டா" என்று நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடப் போங்க என்று நான் அதட்டிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வந்து பார்த்தால் இரண்டு செட் துணியும் லைசென்ஸும் இல்லை. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கேயோ சரக்கு லாரி ஓட்டுகிறாராம், ஷெட்டில் ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. போலீஸில் சொல்லலாம் என்று போனேன். அங்கே இருந்த பெண் போலீஸ் அவர் போட்டோவைப் பார்த்ததும் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "போனது நல்லதுன்னு நெனச்சுக்கோங்கம்மா" என்றாள். அவளும் உன் தொடரைப் பார்த்திருக்கிறாள்.

அவர் கணக்குப் போட்டபடி சின்னவள் வந்துவிட்டாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை, கிழித்துப்போட்டேன். அவர் தன் வாயால் ஒப்புக்கொண்டதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பொய்யாக்குவதா? பெண் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறாள். காய்ச்சல்காரிக்குச் செய்வதுபோல எல்லாம் செய்கிறாள். "இனி உனக்குப் பயமில்லம்மா" என்கிறாள். தலையை ஆட்டுகிறேன். அவள் சொல்வதில் என்ன தப்பு? என்னைப் பூட்டி வைத்தவர்தான், குழந்தை போனதும் அதனால்தான். அவள் தப்பில்லை, அவரும் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. உன் மேல்கூட இப்போது எனக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

கடைக்கு வருகிற பெண்கள் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தைரியசாலி என்கிறார்கள். வீட்டில் சின்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அங்கே அழ முடியாது. அதனால் கண் பரிசோதனை செய்கிற இருட்டறையில் போய் அழுதுவிட்டு வருகிறேன். யாருக்காக அழுகிறேன் என்று வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

அவர் உன்னிடம் கேட்டாரே, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று. இதுதான் ஆனாள். நீ இதை வரையப் போவதில்லை. இரண்டாவது சீசனில் அவள் வரக் கூடாது, முகம் வரக் கூடாது, என் வாயில் இருந்து வந்த ஒரு சொல்லும் வரக் கூடாது. சம்மதம் கேட்டாயே, இதுதான் என் பதில்.

மன்னித்ததைக் காட்டுவேன் என்று எழுதியிருந்தாய். நான் அவரை மன்னித்தேன் என்று உனக்கு யார் சொன்னது? மன்னித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. சில நாள் அவர் மழைத் தண்ணீரைத் துடைப்பதைப் பார்த்தால், சரி போ என்று தோன்றும். சில நாள், பத்து மணியிலிருந்து ஐந்தரை வரை என்று நினைப்பு வந்தால் அவர் தட்டில் சோறு போடக் கை வராது. இருபத்திரண்டு வருடமாக நான் மெதுவாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவசரமே இல்லை, அவர் எதிரில்தான் இருந்தார். இன்னும் இருபது வருடம் யோசித்திருப்பேன். கடைசியில் கிழவனாகி மூச்சு வாங்கும்போது, ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் காதில் நானே சொல்லியிருப்பேன்.

அக்கா